தமிழ் அழைப்பிதழை அச்சுக்கு அனுப்பும் முன்

சிங்கப்பூர்க் கல்யாணப் பத்திரிகைகளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே வரும். சிக்கல் பெரும்பாலும் தமிழ்ப் பக்கத்தில்தான். இல்லஸ்ட்ரேட்டர் என்ற வடிவமைப்பு மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரை (எழுத்துகளை அடுக்கும் அமைப்பை) தேர்ந்தெடுக்காவிட்டால் ‘கொ’, ‘கை’ போன்றவற்றில் கொம்பு இடம் மாறி நிற்கும். யூனிகோட் எழுத்துருவையே பயன்படுத்துங்கள். பழைய எழுத்துருக்களில் தட்டியதை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் வெறும் குறிகளாகிவிடும்.

குடும்பத்தார் பெயர்களைச் சரிபார்த்து எழுத்துமூலம் ஒப்புதல் தந்த பிறகே எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது தட்டித் திருத்த முடியாத வெறும் வடிவங்களாக மாற்றுங்கள். அதற்குமுன் திருத்தக்கூடிய பிரதி ஒன்றைத் தனியே சேமியுங்கள். தாய்மாமன் பெயர் கடைசி நேரத்தில் சேரும், நிச்சயம்!

5×7 அங்குல அட்டைக்கு நாற்புறமும் 3 மி.மீ. பிளீட் (வெட்டும்போது போய்விடும் கூடுதல் ஓரம்) விட்டால் கோப்பின் அளவு 133×184 மி.மீ. வெட்டுக்கோட்டிலிருந்து 5 மி.மீ. உள்ளேயே எழுத்துகள் இருக்கட்டும்.

தங்க ஃபாயிலுக்கு (அழுத்திப் பதிக்கும் தங்கநிற மென்தாளுக்கு) கோப்பில் தனி லேயர், அது பதியும் இடத்தைக் குறிக்க 100% கறுப்பு, நிழலோ சாயல் மாற்றமோ கூடாது. ண, ஞ, ணை ஆகியவற்றின் சுழிகள் ஃபாயிலில் அடைத்துக்கொள்ளும், மெல்லிய எழுத்துருவில் புள்ளிகள் காணாமல் போகும். ஆகவே 12 பாயின்ட் அளவுக்குக் குறையாத, சற்றே தடித்த எழுத்து நல்லது.

இந்தியாவுக்கும் மின்னழைப்பிதழ் போகுமானால் முகூர்த்தத்தோடு ‘சிங்கப்பூர் நேரம்’ என்று போடுங்கள். இடைவெளி இரண்டரை மணி நேரம். மண்டப முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடும் வேண்டும்.