100 எம்பிபிஎஸ் விளம்பரத்தைப் படிக்கும் முறை

தொண்டி, கீழக்கரை, மண்டபம் என நம் கடலோர ஊர்களில் புதிதாக ஃபைபர் இணைப்பு வாங்குவோர், '100 எம்பிபிஎஸ் வரை' (எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு இத்தனை மெகாபிட்) என்று விளம்பரத்தில் காணும் எண் உச்ச வரம்பு மட்டுமே என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

வீட்டு ஃபைபர் இணைப்புகளில் பல, ஓர் இழையைப் பல வீடுகள் பகிரும் ஜிபான் முறையில் இயங்குகின்றன. நிறுவனத்தின் கருவியிலிருந்து வரும் ஓர் இழையில் பதிவிறக்கத்துக்கு ஏறத்தாழ 2.5 ஜிபிபிஎஸ் (அதாவது 2,500 எம்பிபிஎஸ்) கொள்ளளவு உண்டு; அதை ஸ்பிளிட்டர் என்ற பிரிப்பான் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துத் தருகிறது. 32 வீடுகளும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இறக்கினால் வீட்டுக்கு 78 எம்பிபிஎஸ் அளவே வரும். அப்படி நேர்வது அரிது. பகிர்ந்து தராவிட்டால் மாதக் கட்டணம் பன்மடங்கு உயரும் என்பதால், பகிர்வதை நான் குறை சொல்ல மாட்டேன். உண்மையான நெருக்கடி பெரும்பாலும் அதற்கும் மேலே, உள்ளூர் கேபிள்காரர் மொத்தமாக வாங்கும் இணையக் கொள்ளளவில் இருக்கிறது. 500 வீடுகளுக்கு அவர் 1 ஜிபிபிஎஸ் மட்டுமே வாங்கியிருந்தால், எல்லோரும் சேர்ந்து பயன்படுத்தும் நேரத்தில் வீட்டுக்கு 2 எம்பிபிஎஸ்தான். வீட்டு இணைப்புகளில் ஒருவருடைய கொள்ளளவை 50 பேருக்கு மேல் பகிரக் கூடாது, வணிக இணைப்புகளில் 30 பேருக்கு மேல் கூடாது என்று 2009-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வழிகாட்டியது. ஆகவே பகிர்வு விகிதம் என்ன, டேட்டா வரம்பு முடிந்தபின் வேகம் எவ்வளவாகக் குறையும் என்ற இரண்டையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறு மாதத் திட்டத்தில் தள்ளுபடி கிடைத்தாலும் முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுவதே நல்லது. லேன் கேபிளில் கணினியை இணைத்து, விடியற்காலையிலும் இரவு எட்டு முதல் பத்து மணிக்குள்ளும் வேகத்தைச் சோதித்து எழுதி வையுங்கள். காலையில் முழு வேகம் வந்து இரவில் சரிந்தால் பகிர்வு நெருக்கடியே காரணமாக இருக்கக்கூடும். இரு வேளையிலும் குறைவாக இருந்தால் இழையையோ கருவியையோ பார்க்கச் சொல்லலாம். கேபிளில் சரியாக வந்து வைஃபையில் குறைந்தால் குறை வீட்டுக்குள் இருக்கிறது. வளைகுடாவில் உள்ளவர்களுடன் குடும்பங்கள் வீடியோவில் பேசும் இரவு நேரமும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலமும், ராமேஸ்வரத்தில் ஆடி அமாவாசைக் கூட்டமும் பயன்பாட்டைக் கூட்டுபவை என்பதால், இயன்றால் அப்போதும் சோதித்துப் பாருங்கள். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்; 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட் என்பதால், கோப்பு இறங்கும்போது திரையில் சிறிய எண் தெரிந்தால் உடனே கலங்க வேண்டியதில்லை.

குறை தொடர்ந்தால் நேரத்துடன் குறித்த அளவுகளைக் காட்டிப் புகார் எண் பெறுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் அதே எண்ணைக் குறிப்பிட்டு நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம்.