ஊர்க்கதையை வகுப்பறைக்குக் கொண்டுபோகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ் வகுப்பில் கதை சொல்லி முடித்த கையோடு வரும் கேள்வி எந்தப் பள்ளியிலும் மாறுவதில்லை: "இந்தக் கதை உணர்த்தும் நீதி என்ன?" பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கதையைக் கேட்காமலேயே "பிறருக்கு உதவ வேண்டும்", "பேராசை கூடாது" என்று ஒப்பித்துவிடுவார்கள். முதல் தவறு இதுதான். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையை எடுத்துக்கொள்வோம். அவனுடைய தகடூர் இன்றைய தர்மபுரி. 1965 வரை அது சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது, அதனால் சேலத்துப் பிள்ளைகளுக்கு இது பக்கத்து ஊர்ச் சங்கதி. எழுதவேண்டிய விடை 'கொடை' என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் புறநானூற்று 91ஆம் பாட்டில் ஔவையே ஒரு விவரம் தருகிறார். கனியின் பலனை வெளியே சொல்லாமல் மனதுக்குள் அடக்கிக்கொண்டுதான் அதியமான் அதைக் கொடுத்தான். ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் ஔவை வாங்கியிருப்பாரா? நல்லதுக்கே என்றாலும், ஒருவரிடம் கேட்காமல் அவருக்காக நாம் முடிவெடுக்கலாமா? அரசன் நெடுநாள் வாழ்வது குடிகளுக்கும் தேவைதானே? இப்படிக் கேட்டுப் பாருங்கள், வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். எந்தக் கட்சியானாலும் பாட்டில் உள்ள சொல்லைக் காட்டித்தான் பேச வேண்டும் என்று மட்டும் நிபந்தனை வைத்தால் போதும்.

அடுத்தது, சிந்திக்கவைக்கிறேன் என்று கதையையே உடைத்துப் போடுவது. கஞ்சமலைச் சித்தர் கதை சேலத்தில் பலர் வீட்டில் புழங்குவது. முதிய சீடர் ஒருவர் குருவுக்காகச் சோறு பொங்குகிறார், கையில் கிடைத்த குச்சியால் கிளறுகிறார், சோறு கறுத்துவிடுகிறது. பயந்துபோய் அதைத் தானே தின்றுவிட, இளைஞனாகிவிடுகிறார். பக்கத்து ஊர் இளம்பிள்ளைக்குப் பெயர் வந்ததே இதனால்தான் என்பார்கள். இதைக் கேட்டதும் "சோறு தின்றால் வயது குறையுமா? எல்லாம் மூடநம்பிக்கை" என்று முடித்துவிடுகிறார் ஒரு ஆசிரியர். இன்னொருவர் "அந்தக் காலத்திலேயே நம் முன்னோருக்கு மூலிகை அறிவியல் அத்துப்படி" என்று மார்தட்டுகிறார். எனக்கு இரண்டுபேரும் ஒன்றுதான். யோசிக்கும் வேலையைப் பிள்ளையிடமிருந்து இருவருமே பிடுங்கிக்கொள்கிறார்கள். இரண்டாமவர் கொஞ்சம் கூடுதல் ஆபத்து, ஏனென்றால் அவருக்குத்தான் கைதட்டல் விழும்.

கேட்கவேண்டியது வேறு. கஞ்சமலையில் இரும்புத் தாது இருக்கிறது. கறுத்துப்போகும் சோற்றுக்கும் இரும்பு மலைக்கும் முடிச்சுப் போடலாமா? போட்டால் அது ஊகமா, ஆதாரமா? ஊர்ப்பெயர் முதலில் வந்ததா, கதை முதலில் வந்ததா? எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கெல்லாம் ஆசிரியரிடம் விடை இருக்கவேண்டிய அவசியமில்லை.

மூன்றாவது தவறு, ஒரு கதைக்கு ஒரே ஒரு 'சரியான' வடிவம் உண்டென்று நினைப்பது. இதில்தான் சேர்வராயன் மலை நல்ல பாடம் வைத்திருக்கிறது. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் கேரளத்தார் அல்லர், தமிழ் பேசுகிறவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவர் வழி வந்தோம் என்பது அவர்களுடைய பூர்வகதை. 1909இல் வெளியான ஆங்கிலேயர் எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுப்பிலேயே இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் உண்டு. மூத்தவர் சேர்வராயன் மலைக்கு வந்தார் என்பதில் சிக்கல் இல்லை. மற்ற இருவரும் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் போனதாக ஒன்று சொல்கிறது. நடுவில் பிறந்தவர் பச்சைமலைக்கும் இளையவர் மஞ்சவாடிக்கும் போனதாக இன்னொன்று சொல்கிறது. கிளம்பிய காரணமும் மாறுகிறது. ஒன்றில் அது முஸ்லிம் ஆட்சிக் காலத்து இடப்பெயர்ச்சி. மற்றதில் கரிராமன் என்ற தெய்வம் காஞ்சியில் இருக்கப் பிடிக்காமல் கிளம்ப, பக்தர்கள் பின்னாலேயே வருகிறார்கள்.

முதல் வடிவத்தை மட்டும் வாசித்துவிட்டு நகர்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சேலத்து வகுப்பில் வீட்டில் உருது பேசும் பிள்ளையும் உட்கார்ந்திருக்கும். அதற்காகக் கதையை மறைக்கவும் வேண்டாம், காரணத்தைப் பூசி மெழுகவும் வேண்டாம். இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுதிவைத்தது யார், எந்த ஆட்சியில் எழுதினார், யாரிடம் கேட்டிருப்பார், கதை நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கும் எழுதிய காலத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று கேட்கவையுங்கள். கதை வேறு, வரலாற்றுச் சான்று வேறு என்பதைத் தனியாக ஒரு பாடமாக நடத்தவேண்டியிருக்காது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: பூர்வகதைகளில் சாதி உயர்வு தாழ்வு பேசும் பகுதிகளும் வரும். எந்த வயதுக்கு எவ்வளவு என்பதை ஆசிரியர் முன்கூட்டியே படித்து முடிவுசெய்ய வேண்டும். பிள்ளைகள் முன்னால் முதல்முறையாகப் பக்கத்தைப் புரட்டக் கூடாது.

பன்முகத்தன்மை என்றதும் மலைப் பிள்ளையை எழுப்பி "உங்க ஆட்கள் கதையைச் சொல்லு" என்பது இன்னொரு வழக்கம். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து அந்தப் பிள்ளை வகுப்பில் ஒருவர் இல்லை, காட்சிப்பொருள். சேலத்தில் சௌராஷ்டிரம், தெலுங்கு, கன்னடம் என்று வீட்டுக்குள் வேறு மொழி பேசும் நெசவாளர் குடும்பங்கள் எத்தனையோ. எல்லோருமே வீட்டில் ஒரு பெரியவரிடம் கதை கேட்டு வரட்டும், விருப்பப்பட்டவர் சொல்லட்டும். சொல்லும்போது நடுவில் புகுந்து "வந்துச்சு இல்லை, வந்தது" என்று திருத்தாதீர்கள். பேசும்போது பேச்சுத்தமிழ், எழுதும்போது எழுத்துத்தமிழ். அந்த மாற்றத்தை அப்புறம் எழுதவைத்துச் சொல்லிக்கொடுக்கலாம்.

கடைசியில் மதிப்பெண். வகுப்பில் இவ்வளவும் செய்துவிட்டு, வினாத்தாளில் மறுபடி "நீதி யாது?" என்று கேட்டால், எது முக்கியம் என்பதைப் பிள்ளைகள் உடனே புரிந்துகொள்வார்கள். சரி, வேறு எப்படிக் கேட்பது? ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் குகைக்குள் சேர்வராயனோடு காவிரித்தாயும் இருக்கிறாள். காவிரியோ மேட்டூர்ப் பக்கம் ஓடுகிறது. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலத்தின் வழியே போய்க் காவிரியில் கலக்கிறது. இந்த மூன்று தகவலையும் கொடுத்து, மலைக்கோயிலில் காவிரி ஏன் இருக்கலாம் என்று பத்து வரி எழுதச் சொல்லுங்கள். எது தகவல், எது தன் ஊகம் என்று பிரித்து எழுதிய பிள்ளைக்குப் பாதி மதிப்பெண். மீதிப் பாதி, தன் ஊகத்தைத் தவறாக்கக்கூடிய ஒரு கேள்வியைத் தானே எழுதியிருந்தால்.