பிசியோதெரபி கிளினிக்குக்கு இன்சூரன்ஸ்: முதல் பாலிசி எடுப்பவர்களுக்கு ஒரு செய்முறை

குதிகால் வலி என்று வந்தவர் அந்த அம்மா. ஓய்வு பெற்ற ஆசிரியை, 15 வருடமாகச் சர்க்கரை. நங்கநல்லூரில் என் கிளினிக்கில் அது அவருக்கு நான்காவது சிட்டிங். உதவியாளர் ஹாட் பேக்கைத் துண்டில் சுற்றிக் குதிகாலுக்கு அடியில் வைத்தார். நான் பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்கு டிராக்‌ஷன் போட்டுக்கொண்டே, "சூடு அதிகமா இருக்காம்மா?" என்று கேட்டேன். "இல்ல தம்பி, இதமாத்தான் இருக்கு" என்றார். கால் மணி நேரம் கழித்துப் பேக்கை எடுத்தால், குதிகால் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம். துண்டைப் பிரித்து மடிப்பை எண்ணினேன். வழக்கமாகப் போடுவதில் பாதிதான் இருந்தது. சர்க்கரையால் காலில் உணர்வு மங்கியிருந்த அவருக்கு அந்தச் சூடு உறைக்கவே இல்லை.

கொப்புளம் புண்ணாகி, ஆற மூன்று மாதம் ஆனது. ஐந்தாம் மாதம் அவருடைய மகன் சார்பில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. கேட்டிருந்த தொகை 8 லட்சம் ரூபாய். அன்று என்னிடம் பாலிசி இருந்தது. இருந்தும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்த ராத்திரிதான் முதல்முறையாக முழுசாகப் படித்தேன். புதிதாகக் கிளினிக் திறக்கிறவர்கள் அந்த நிலைக்கு வரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடுவோம். காசு வாங்கிக்கொண்டு தரும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் சொல்லிவிட்டது. இப்போது நடப்பில் இருப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதில் நம்மைப் போன்ற சின்ன கிளினிக்குகள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எந்த நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது என்பதை, நோயாளி கேட்கும் இழப்பீடு தீர்மானிப்பதில்லை; அவர் நமக்குக் கட்டிய கட்டணம்தான் தீர்மானிக்கிறது. கட்டணம் 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். அதிலும் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. பத்து சிட்டிங்குக்கு 5,000 ரூபாய் கட்டியவர் 30 லட்சம் கேட்டும் மனுப் போடலாம், ஒரு பைசா செலவில்லாமல். அதோடு, அவர் வசிக்கும் ஊரிலேயே போடலாம். மகள் வீட்டில் தங்கிச் சிகிச்சை எடுத்துவிட்டுத் திருநெல்வேலிக்குத் திரும்பியவர் அங்கே வழக்குப் போட்டால் நாம்தான் ரயில் ஏற வேண்டும்.

சரி, இனி படிப்படியாகப் போகலாம்.

படி 1: எந்த ஆபத்துக்கு எந்தப் பாலிசி

கிளினிக்கில் வரக்கூடிய பிரச்சினை மூன்று வகை. சிகிச்சையில் நேரும் தவறு ஒன்று: ஹாட் பேக் தீக்காயம், பேஸ்மேக்கர் இருப்பதைக் கேட்காமல் எஸ்டபிள்யூடி (மின்காந்த அலையால் சூடு தரும் கருவி) போடுவது, ஏசிஎல் என்ற முழங்கால் தசைநார் ஆபரேஷனுக்குப் பின் அவசரப்பட்டு முழங்காலை மடக்குவது. இதற்குத்தான் புரொஃபஷனல் இன்டெம்னிட்டி பாலிசி. இரண்டாவது, இடத்தால் வருவது: துடைத்த ஈரத்தரையில் வழுக்குவது, மேலே மாட்டிய ஃபேன் விழுவது. இதற்குப் பப்ளிக் லயபிலிட்டி பாலிசி. மூன்றாவது, நம் ஊழியருக்கு வேலையில் அடிபடுவது. அதற்கு ஊழியர் இழப்பீட்டுப் பாலிசி, அல்லது கிளினிக் இஎஸ்ஐ-க்குள் வருமானால் இஎஸ்ஐ.

பப்ளிக் லயபிலிட்டி கேட்கும்போது ஒரு குழப்பம் வரும். 1991-ஆம் ஆண்டுப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் அதே பெயரில் ஒரு பாலிசி உண்டு. அது அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் தொழிற்சாலைகளுக்கானது. நமக்கு வேண்டியது தொழிற்சாலை அல்லாத இடங்களுக்கான பாலிசி. அதைச் சொல்லியே கேளுங்கள்.

கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் இன்டெம்னிட்டியை முதலில் எடுங்கள்.

படி 2: யார் பெயரில்

பலர் தவறுவது இங்கேதான். உங்கள் சொந்தப் பெயரில் எடுத்த தனிநபர் பாலிசி, நீங்கள் செய்த சிகிச்சைக்கு மட்டும்தான் நிற்கும். சம்பளத்துக்கு இரண்டு பிசியோக்களை வைத்திருந்தால், அவர்களில் ஒருவர் செய்த தவறுக்கு மனுவில் கிளினிக்கை முதல் எதிர்தரப்பாகவும் அவரை இரண்டாவதாகவும் போடுவார்கள். அப்போது உங்கள் தனிநபர் பாலிசி உதவாது. கிளினிக் பெயரிலேயே ஒரு நிறுவனப் பாலிசி வேண்டும். அதில் தகுதி பெற்ற ஊழியர்களும், தகுதிச் சான்று இல்லாத உதவியாளர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா என்று தனித்தனியாகப் பாருங்கள். என் கிளினிக்கில் பேக் வைத்தது உதவியாளர்தான். அந்த ஒரு வரி பாலிசியில் இல்லாமல் போயிருந்தால் என் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

படி 3: எவ்வளவுக்கு

பாலிசியில் இரண்டு தொகை இருக்கும்: ஒரு சம்பவத்துக்கு அதிகபட்சம், ஓர் ஆண்டு முழுவதற்கும் அதிகபட்சம். சம்பவத்துக்கு 25 லட்சம், ஆண்டுக்கு 50 லட்சம் என்றால் அதை 1:2 என்பார்கள். 1:1, 1:4 என்றும் கிடைக்கும். இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் கிளினிக்குக்கு 1:1 போதாது என்பது என் கருத்து. ஒரே வழக்கில் அந்த வருடத்துப் பாதுகாப்பு மொத்தமும் கரைந்துவிடும்.

வக்கீல் செலவும் பெரும்பாலும் இந்தத் தொகைக்குள்ளிருந்துதான் போகும். மாவட்ட ஆணையத்தின் தீர்ப்பை எதிர்த்து மாநில ஆணையத்துக்குப் போவதானால் 45 நாளுக்குள் போக வேண்டும், தீர்ப்புத் தொகையில் பாதியை முன்கூட்டியே கட்டவும் வேண்டும். இதையெல்லாம் மனதில் வைத்துத் தொகையை முடிவு செய்யுங்கள். பிரீமியத்துக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. எக்ஸஸ் என்று ஒரு தொகை போட்டிருப்பார்கள். ஒவ்வொரு க்ளெய்மிலும் அது உங்கள் கையிலிருந்து போவது.

படி 4: படிவத்தை நீங்களே நிரப்புங்கள்

ஏஜென்ட் "கையெழுத்து மட்டும் போடுங்க சார், மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்பார். வேண்டாம். டிரை நீடிலிங் செய்கிறீர்களா, கழுத்து மேனிபுலேஷன் செய்கிறீர்களா, ஹோம் விசிட் போகிறீர்களா, எல்லாவற்றையும் எழுதுங்கள். டிரை நீடிலிங்கில் ஊசி நுரையீரல் உறையைத் தொட்டுவிடும் ஆபத்து உண்டு. கழுத்தைத் திருப்புவதில், அரிதாக என்றாலும், மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் பாதிக்கப்படலாம். நிறுவனம் அறிந்துகொள்ள விரும்புவது இவற்றைத்தான். படிவத்தில் மறைத்தது க்ளெய்ம் வரும்போது வெளிவந்தால், நிறுவனம் கையை விரிக்க அதுவே போதும். பழைய புகார் ஏதாவது இருந்தால் அதையும் எழுதுங்கள். பட்டப்படிப்புச் சான்று, கிளினிக் பதிவுச் சான்று, ஊழியர்களின் சான்றிதழ் நகல்கள் தயாராக இருக்கட்டும்.

எங்கே வாங்குவது என்றால், பொதுத்துறை நிறுவனங்கள் நான்கும் இந்தப் பாலிசியைத் தருகின்றன. யுனைடெட் இந்தியாவின் தலைமையகமே சென்னையில்தான். தனியாரிலும் பலர் தருகிறார்கள். குறைந்தது மூன்று இடத்தில் எழுத்தில் விலை வாங்குங்கள். பிரீமியத்தை மட்டும் பார்க்காமல் பாலிசி வாசகத்தின் மாதிரியையும் கேட்டு வாங்குங்கள்.

படி 5: ரெட்ரோ தேதி

இந்தப் பகுதியை மட்டுமாவது இரண்டு தடவை படியுங்கள்.

வண்டி இன்சூரன்ஸில் விபத்து நடந்த அன்று பாலிசி இருந்தால் போதும். இன்டெம்னிட்டி அப்படி இல்லை. இங்கே வழக்கமாக, க்ளெய்ம் வரும் நாளிலும் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். சிகிச்சை நடந்த நாளும் பாலிசியில் குறித்திருக்கும் ரெட்ரோ தேதிக்குப் பிறகு இருக்க வேண்டும். முதல் பாலிசி தொடங்கிய நாள்தான் சாதாரணமாக ரெட்ரோ தேதி. ஒவ்வொரு வருடமும் இடைவெளி இல்லாமல் புதுப்பித்தால் அந்தப் பழைய தேதி அப்படியே தொடரும். ஒரு தடவை அறுந்தால், புதுப் பாலிசியின் தேதியிலிருந்துதான் கணக்கு.

கொளத்தூரில் கிளினிக் வைத்திருக்கும் என் நண்பருக்கு நடந்தது இது. ஆறு வருடம் ஒரே நிறுவனத்தில் கட்டிவந்தார். வேறொரு நிறுவனத்தில் பிரீமியம் குறைவு என்று மாறினார். புதுப் பாலிசியில் ரெட்ரோ தேதி, மாறிய நாளாகவே இருந்தது. யாரும் சொல்லவில்லை, அவரும் பார்க்கவில்லை. நான்கு மாதம் கழித்து, முந்தைய வருடம் செய்த தோள்பட்டைச் சிகிச்சைக்காக நோட்டீஸ் வந்தது. பழைய நிறுவனம், "பாலிசி முடிந்துவிட்டது" என்றது. புதிய நிறுவனம், "இது எங்கள் தேதிக்கு முந்தையது" என்றது. ஆறு வருடம் ஒழுங்காகப் பிரீமியம் கட்டிய மனிதர், மனைவியின் நகையை வைத்து வக்கீலுக்குக் கொடுத்தார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

ஆகவே நிறுவனம் மாறும்போது, "என் பழைய ரெட்ரோ தேதியைத் தொடர்வீர்களா?" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வரட்டும், பிறகு பாலிசியின் முதல் பக்கத்தில் அந்தத் தேதி அச்சாகியிருக்கிறதா பாருங்கள். அப்புறம் பழையதை விடுங்கள்.

படி 6: எது கிடைக்காது

குற்றவியல் அபராதம், வேண்டுமென்றே செய்தது, போதையில் செய்தது, தகுதிக்கு மீறிச் செய்தது எதற்கும் பணம் வராது. ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் 5 ஆண்டு வரை சிறை என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவு. பதிவு பெற்ற மருத்துவர்களுக்கு அது 2 ஆண்டு. அந்த விலக்கு மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும்தான், நமக்கு இல்லை. குற்ற வழக்கில் வக்கீல் செலவையாவது தருவார்களா என்பதை வாங்கும்போதே கேளுங்கள்.

படி 7: நோயாளியின் சிகிச்சைக் கார்டில் எழுதுங்கள்

அந்த அம்மாவுக்கு முதல் நாளே காலில் வெந்நீர், குளிர்நீர் நிரப்பிய சோதனைக் குழாய்களை வைத்து உணர்வு சோதித்தேன். மங்கலாக இருந்தது, பேக்குக்குக் கூடுதல் துண்டு போட வேண்டும் என்று உதவியாளரிடம் வாயால் சொன்னேன். கார்டில் எழுதவில்லை. இன்சூரன்ஸ் நிறுவனம் அமர்த்திய பேனல் வக்கீல் கார்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், எழுதாதது நடக்காத மாதிரிதான்" என்றார். வாதாட எனக்கு இருந்த நல்ல காரணம் அங்கேயே போய்விட்டது. அதைவிட முக்கியம், எழுதியிருந்தால் உதவியாளர் அதைப் பார்த்திருப்பார், அந்தக் கால் வெந்திருக்காது.

சர்க்கரை, பேஸ்மேக்கர், உடம்புக்குள் உலோகப் பிளேட், கர்ப்பம், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை: இந்த ஐந்தையும் கார்டின் மேலேயே சிவப்பு மையில் குறியுங்கள். சம்மதப் படிவம் நோயாளி படிக்கக்கூடிய தமிழில் இருக்கட்டும், எந்தச் சிகிச்சைக்கு என்று பெயர் சொல்லி இருக்கட்டும். பொத்தாம்பொதுவாக வாங்கிய கையெழுத்து எல்லாவற்றுக்கும் செல்லாது என்பதை 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

படி 8: பிரச்சினை வந்த அன்று

எனக்கு முதலில் தோன்றியது, அவர் வீட்டுக்குப் போய், "தப்பு எங்க மேலதான், செலவெல்லாம் நான் தர்றேன்" என்று சொல்லிவிடலாம் என்பது. நல்ல எண்ணம்தான். ஆனால் நிறுவனத்தின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஏற்பதும் பணம் தருவதும் பாலிசி நிபந்தனைக்கு விரோதம். அதற்காக முகம் திருப்பிக்கொள்ள வேண்டியதில்லை. போய்ப் பாருங்கள், வருத்தத்தைச் சொல்லுங்கள், புண்ணுக்குச் சரியான மருத்துவரிடம் அனுப்புங்கள். நான் போனேன். அந்த அம்மா காபி கொடுத்தார்.

கொப்புளம் வந்த அன்றே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட வேண்டும், நோட்டீஸ் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கார்டில் எதையும் பின்னால் சேர்க்காதீர்கள், அடிக்காதீர்கள். அப்படியே நகலெடுத்து வையுங்கள். ஆணையத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் பதில் தர 30 நாள், அதிகபட்சம் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. இதை 2020-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே உறுதி செய்தது. என் விஷயம் ஆணையம் வரை போகாமல் பேசி முடிந்தது. எக்ஸஸ் போக மீதியை நிறுவனம் கொடுத்தது.

படி 9: கிளினிக்கை மூடினாலும்

நுகர்வோர் வழக்குப் போட 2 ஆண்டு அவகாசம் உண்டு. வெளிநாடு போகிறீர்கள், கிளினிக்கை விற்கிறீர்கள் என்றால் கடைசி சிட்டிங்குக்குப் பிறகும் அந்த 2 ஆண்டுக்குப் பாதுகாப்பு நீளும்படி நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். கார்டுகளை மூன்று வருடமாவது வைத்திருங்கள்.

க்ளெய்மை நிறுவனம் மறுத்தாலோ, எழுதிக் கேட்டு ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லாவிட்டாலோ, தேனாம்பேட்டையில் அண்ணா சாலையிலேயே இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்) அலுவலகம் இருக்கிறது. தனி உரிமையாளர் கிளினிக்குகளும் குறுந்தொழில்களும் அங்கே போகலாம். 50 லட்சம் வரையிலான க்ளெய்மைக் கட்டணம் இல்லாமல், வக்கீல் இல்லாமல் விசாரிப்பார்கள். மறுப்புக் கடிதம் வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். போகும்போது பாலிசி, மறுப்புக் கடிதம், நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல்களின் அச்சுப் பிரதி மூன்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.