நடுத்தர வயது நீச்சல் போட்டியாளர்கள் களைத்துப்போன கால்களைத் தேற்றுவது எப்படி?

ஃப்ரீஸ்டைலில் உடலை முன்னே செலுத்துவதில் பெரும்பங்கு கைகளுடையது என்றாலும், ஓய்வின்றிப் பயிற்சி செய்பவர்களுக்குக் கால்களும் சோர்ந்துபோவதுண்டு. தொடையிலும் புட்டத்திலும் இருப்பவை உடலின் மிகப் பெரிய தசைகள் என்பதால், கிக்கின் (கால் உதைப்பின்) வேகம் கூடக்கூட அவை பிராணவாயுவை ஏராளமாகச் செலவழிக்கின்றன. வயது வந்தோருக்கான நீச்சல் போட்டிப் பிரிவான மாஸ்டர்ஸ் 25 வயதிலேயே தொடங்கிவிடுகிறது. ஆனால் நாற்பத்தைந்தைக் கடந்தவர் அந்த 25 வயதுக்காரரின் அட்டவணையைப் பின்பற்றி, அதன்மேல் ஜிம்மில் ஸ்குவாட்டும் (உட்கார்ந்து எழும் பயிற்சியும்) சேர்த்துக்கொள்ளும்போது கால்கள் தேறுவதற்கு இடைவெளியே கிடைப்பதில்லை.

கடும் பயிற்சிக்குப் பின் வரும் சாதாரணத் தசைவலி ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் உச்சத்தை அடைந்து, பிறகு தணிந்துவிடும். அவ்வாறு தணியாமல், மாடிப்படி ஏறும்போது தொடை கனப்பதும், காலையில் எழுந்ததும் எண்ணும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிடக் கூடுதலாக இருப்பதும், தூக்கம் கெடுவதும் ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் பயிற்சி மிஞ்சிவிட்டதாகக் கொள்ளலாம். தண்ணீரிலும் அது தெரியும்: சுவரை உதைத்துக் கிளம்பினால் வழக்கமான இடத்துக்கு முன்பே தலை வெளியே வந்துவிடும், 50 மீட்டரின் பிற்பாதியில் இடுப்பு தாழ்ந்து, பாதங்கள் ஒன்றையொன்று விட்டு விலகத் தொடங்கும்.

ஆனால் இந்த வயதில் எல்லாக் கால்வலியையும் பயிற்சியின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அதனாலும் தசைவலி வரக்கூடும். தாமாக அதை நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்வதே முறை. இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும்கூட இதே களைப்பைத் தரும்.

முதல் வாரத்தில் கிக் பயிற்சி, ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு), ஸ்குவாட், ஓட்டம் அனைத்தையும் நிறுத்திவிட்டு, மொத்தத் தூரத்தையும் பாதியாகக் குறைக்க வேண்டும். இரண்டாவதாகச் சொன்னதைத்தான் பலரும் செய்வதில்லை. புல் பாய் (pull buoy) என்ற மிதவையைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு அதே தூரத்தைக் கைகளாலேயே கடக்கிறார்கள்; போதாக்குறைக்குக் கையில் பேடில் என்ற தட்டையான துடுப்பையும் மாட்டிக்கொள்கிறார்கள். கால் தேறுவதற்குள் தோள்மூட்டு போய்விடும். புல் பாய் வைத்தால் பேடில் வேண்டாம். சுவரை மெல்லத் தள்ளினால் போதும். பேசினால் மூச்சு வாங்காத வேகத்தில் நீந்தினால் போதும். முழு ஓய்வைவிட இந்த மெதுவான நீச்சல் பலருக்கு இதமாக இருக்கும். ஆயினும் நீந்த நீந்த வலி கூடுகிறது என்றால் கரையேறிவிடுவதே நல்லது.

தூக்கத்துக்கு ஈடான மருந்து இல்லை. விடியற்காலைப் பயிற்சிக்காக நாலரை மணிக்கு எழுபவர் இரவு பதினொன்றுக்குப் படுத்தால் எந்தத் தைலமும் பயன் தராது. அடுத்தது புரதம். வயது ஏற ஏறத் தசைகள் புரதத்துக்கு மந்தமாகவே பதில் தருகின்றன. ஆகவே ஒவ்வொரு வேளையும் உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 0.4 கிராம், அதாவது 70 கிலோ எடையுள்ளவருக்கு 28 கிராம் தேவைப்படும். இரண்டு முட்டையில் கிடைப்பது ஏறக்குறைய 12 கிராம்தான். இட்லியும் சட்னியும் மட்டும் உண்பவர் அந்த அளவை எட்டவே முடியாது. முட்டையோடு சுண்டலும் தயிரும், அல்லது மீனும் பருப்பும் சேர்த்துக்கொள்ளலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. வலி மாத்திரையை விழுங்கிவிட்டுக் குளத்தில் இறங்கும் பழக்கம் யாருக்குமே ஆகாது.

நாடித்துடிப்பு பழைய நிலைக்குத் திரும்பி, மாடிப்படியும் சுலபமான பின்பே கிக்கைத் தொடங்க வேண்டும். கிக் போர்டை (மிதக்கும் பலகையை) முன்னால் பிடித்தால் கழுத்தும் கீழ்முதுகும் வளைகின்றன. எனவே மல்லாந்த நிலையில், 25 மீட்டராக எட்டு முறை, ஒவ்வொன்றுக்கும் இடையே அரை நிமிட ஓய்வுடன் ஆரம்பிக்கலாம். முழங்காலை முறுக்கும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் கிக்கைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். வேகமான கிக் முதலில் வாரத்துக்கு ஒருமுறை போதும். அதற்கு மறுநாள் ஸ்குவாட் கூடாது.

இதற்கிடையில் போட்டி வந்துவிட்டால், 100 மீட்டர் பட்டர்ஃபிளையையும் 200 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கையும் விட்டுவிட்டு, 400 அல்லது 800 மீட்டர் ஃப்ரீஸ்டைலுக்குப் பெயர் கொடுக்கலாம். தூரம் அதிகமாயிற்றே என்று தோன்றும். ஆனால் இரு கைவீச்சுக்கு இரண்டு உதை என்ற நிதானத்தில் அதை நீந்திவிட முடியும் என்பதால், கால்களுக்கு இதுவே இலகுவானது.