இது அறிவியல் கோட்பாடா, நம்பிக்கையா? வீட்டிலேயே பிரித்துப் பார்க்க ஒரு வழி

2019 டிசம்பர் 26, சிங்கப்பூரில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்த நாள். பள்ளி விடுமுறை என்பதால் ஈசூன் வீட்டில் எல்லாரும் இருந்தோம், இரண்டு கணிப்புகளும் எங்களோடு இருந்தன. பிற்பகல் 1 மணி 22 நிமிடத்துக்கு நிலா சூரியனின் நடுப்பகுதியை மறைக்கும், சுற்றிலும் நெருப்பு வளையம் ஏறத்தாழ இரண்டு நிமிடம் தெரியும் என்ற வானியலாளர்களின் கணக்கு ஒன்று. இன்னொன்று அம்மா சொன்னது: தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினால் கிரகணம் விடும்வரை பிடிக்காமலே நிற்கும், விட்டதும் சாய்ந்துவிடும்.

வளையம் தெரிந்தது. உலக்கையும் நின்றது. அப்போது தொடக்கநிலை மூன்றில் இருந்த என் மகன் கேட்டான்: "ரெண்டும் நடந்துச்சே, அப்போ பாட்டி சொன்னதும் சயின்ஸ்தானே?" அன்றைக்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதற்கப்புறம் யோசித்து, அவனோடு செய்து பார்த்துக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்ளுங்கள். பேச்சில் "அது வெறும் தியரி" என்றால் உறுதியில்லாத ஊகம் என்று பொருள். அறிவியலில் அந்த ஊகத்துக்குப் பெயர் கருதுகோள். பல கோணங்களில் சோதித்து, பல நிகழ்வுகளை ஒரே காரணத்தால் விளக்கி, இன்னும் விழாமல் நிற்கும் விளக்கத்தைத்தான் கோட்பாடு என்கிறார்கள். தமிழில் சிக்கல் இன்னும் கொஞ்சம் கூடுதல், ஏனென்றால் ஐன்ஸ்டைனின் சார்பியலுக்கும் கோட்பாடு என்கிறோம், சைவ சித்தாந்தத்துக்கும் கோட்பாடு என்றே சொல்கிறோம். ஆகவே பெயரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

அடுத்து, எந்தக் கூற்றாக இருந்தாலும் ஒரு தாளை எடுத்து, நிகழ்வதற்கு முன்பே, இதைக் கேட்டு எழுதி வையுங்கள்: "எது நடந்தால் இது தப்பு என்று ஒப்புக்கொள்வோம்?" எனக்குத் தெரிந்து இதைவிடப் பயனுள்ள கேள்வி இல்லை. கிரகணக் கணக்கு தன்னை எவ்வளவு தூரம் பணயம் வைக்கிறது என்று பாருங்கள்: நிமிடத்தைச் சொல்கிறது, இடத்தையும் சொல்கிறது. அதே நாளில் திண்டுக்கல்லில் வளையம் தெரியும், சென்னையில் பகுதி மறைப்பு மட்டும்தான் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். வளையம் பத்து நிமிடம் தள்ளி வந்திருந்தாலே கணக்கு பொய்த்திருக்கும், சென்னையில் தெரிந்திருந்தாலும் பொய்த்திருக்கும். உலக்கைக்கு அப்படி எதுவும் எழுதி வைக்கவில்லை. கிரகணம் விட்டதும் சாயும் என்றார்களே, அதைக்கூட யாரும் காத்திருந்து பார்க்கவில்லை, ஒன்றரை மணிக்கெல்லாம் அம்மாவே அதை எடுத்துச் சுவரோரம் சாத்திவிட்டார்.

மூன்றாவது வேலை, ஒப்பிட்டுப் பார்ப்பது. நடந்ததை மட்டும் பார்த்தால் போதாது, காரணம் என்று சொல்லப்படுவதை எடுத்துவிட்டால் நடக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை சமையலறைத் தரையில் மகனும் நானும் உட்கார்ந்தோம். கல்யாணங்களில் மஞ்சள் இடிக்க எடுக்கும் பழைய உலக்கை அது, அடியில் இரும்புப் பூண் தட்டையாகத் தேய்ந்திருக்கும். தண்ணீர் இல்லை, தாம்பாளம் இல்லை, கிரகணமும் இல்லை. இரண்டு கையாலும் பிடித்து, ஆட்டம் அடங்கும்வரை பொறுத்து, விரலை ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னேன். இரண்டு தடவை சாய்ந்தது. மூன்றாவது தடவை நின்றது! அடி தட்டையாக இருந்து, ஈர்ப்பு மையம் அந்த அடிப்பகுதிக்கு நேர்மேலே இருந்தால் எந்தப் பொருளும் நிற்கும், உலக்கையும் அப்படித்தான்.

அம்மா பார்த்துவிட்டு, "கிரகணத்தோட சக்தி ரெண்டு மூணு நாளைக்கு இருக்கும்டா" என்றார். இந்த இடத்தில்தான் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். முதலில் சொல்லாத ஒரு நிபந்தனை, சோதனை எதிராக வந்த பிறகு சேர்கிறது. அதற்காக அம்மாவோடு வாதாட வேண்டியதில்லை. "சரிம்மா, எத்தனை நாள் கழித்து நிறுத்தினால் விழும், இப்பவே சொல்லுங்க" என்று கேட்டேன். பொங்கலுக்குள் போய்விடும் என்றார், நாள்காட்டியில் குறித்தோம். பொங்கல் முடிந்த வாரம் மறுபடி நிறுத்தினோம், நின்றது. அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும்: விஞ்ஞானிகளும் இப்படி ஒட்டுப் போடுவதில்லையா? போடுகிறார்கள். யுரேனஸ் கோள் நியூட்டன் கணக்குப்படி போகவில்லை என்று தெரிந்தபோது, வெளியே இன்னொரு கோள் இருந்து இழுக்கிறது என்றார் பிரான்சு வானியலாளர் லெ வெரியே. ஒட்டுதான், ஆனால் வானத்தில் எந்த இடத்தில் தேட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் தொலைநோக்கியைத் திருப்பினார்கள், அவர் சொன்ன இடத்துக்கு ஒரு பாகைக்குள் நெப்டியூன் கிடைத்தது. பிறகு புதன் கோளின் பாதையிலும் சிறு பிசகு இருந்தது, நூறு ஆண்டுக்குச் சுமார் 43 விகலை (ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் ஒரு பங்குதான் விகலை). அதற்கும் அதே லெ வெரியே, சூரியனுக்கு அருகே வல்கன் என்ற கோள் இருக்க வேண்டும் என்றார். பலர் தேடினார்கள். அப்படி ஒரு கோள் இல்லவே இல்லை. 1915-இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல்தான் அந்த 43 விகலைக்குக் கணக்குச் சொன்னது. அதே மனிதர், அதே முறை, ஒரு தடவை வெற்றி, ஒரு தடவை தோல்வி. ஒட்டுப் போடலாம், ஆனால் அந்த ஒட்டையும் போய்ப் பார்த்துச் சோதிக்க வழி இருக்க வேண்டும். அதனால் நியூட்டனைக் குப்பையில் போடவும் இல்லை, வேகமும் ஈர்ப்பும் மிதமாக உள்ள இடங்களில் அவர் கணக்கு இன்றும் செல்லும்.

யார் சொன்னார் என்பதை வைத்துத் தீர்மானிக்காதீர்கள், பழசா புதுசா என்பதை வைத்தும் வேண்டாம். ராகுவும் கேதுவும் விழுங்குகின்றன என்று பேசிய அதே நாட்டில், 499-ஆம் ஆண்டிலேயே ஆரியபட்டர் கிரகணம் என்பது நிழல் என்று எழுதிவிட்டார். சூரியனை நிலா மறைக்கிறது, நிலாவைப் பூமியின் நிழல் மறைக்கிறது. அந்த ஒரே விளக்கத்திலிருந்து, அமாவாசையன்று மட்டும் சூரிய கிரகணம் வருவது ஏன் என்பதும் வந்துவிடும். நிலாவின் பாதை ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருப்பதைச் சேர்த்துக்கொண்டால், எல்லா அமாவாசைக்கும் வராதது ஏன் என்பதும் புரியும். ஒரு விளக்கம் இப்படிக் கேட்காத கேள்விக்கும் பதில் தந்தால் அதைக் கவனியுங்கள்.

நம்பிக்கை என்று தெரிந்தவுடன் முழுவதும் பொய் என்றும் எழுதிவிடாதீர்கள். வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் "ஏறிட்டுப் பார்க்காதே" மிகச் சரி, விழித்திரைக்கு வலி தெரியாது, வெந்தபிறகுதான் பார்வை மங்குவது தெரியும். அதே வாயால், கர்ப்பமாக இருந்த என் தங்கையை நான்கு மணி நேரம் சாப்பிடாமல் அறைக்குள் உட்கார வைத்ததற்கு ஒரு காரணமும் இல்லை, அது எனக்கு இன்றும் வருத்தம்தான். ஒரே மூட்டையில் வரும் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து, தனித்தனியாகக் கேளுங்கள். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பவரிடம் இந்தத் தாளை நீட்ட வேண்டாம், அவர் வேண்டுதலை நிறைவேற்றுகிறார், நடக்கப்போவதை முன்கூட்டிக் கணிக்கவில்லை.

சிங்கப்பூரில் அடுத்த கங்கண கிரகணம் 2063-இல். மகனுக்கு அப்போது ஐம்பது தாண்டியிருக்கும். அந்தத் தாளை அவன் உலக்கையோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறான், எடுத்துப் பார்க்க வசதியாக.