மேலே சோறு, கீழே பருப்பு: குக்கர் அடுக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூடியைத் திறந்தால் மேல் அடுக்கில் சோறு பொலபொலவென்று இருக்கிறது. சந்தோஷமாக அதைத் தூக்கி வைத்துவிட்டு, அடியில் இருக்கிற பருப்பில் கரண்டியை விட்டால் நறநறவென்று உரசுகிறது. மேலே மஞ்சள் தண்ணீர், கீழே பருப்பு பருப்பாகவே கிடக்கிறது. மணி ஏழே முக்கால். எட்டு மணிக்குப் பள்ளிக்கூட வேன் வந்துவிடும்.

அதே குக்கர், அதே அரிசி, அதே மளிகைக் கடைப் பருப்பு. நேற்று நன்றாகத்தானே வந்தது?

தனித்தனி அடுப்பில் வைத்தால் எது வெந்ததோ அதை முதலில் இறக்கிவிடலாம். குக்கருக்குள் அது நடக்காது. எத்தனை அடுக்கு வைத்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே நேரம், கிட்டத்தட்ட ஒரே சூடு. வீட்டில் இருக்கும் சாதாரணக் குக்கரில் வெயிட் ஆடும்போது உள்ளே ஏறக்குறைய 120 டிகிரி இருக்கும். மூடிய பிறகு நம் கையில் ஒன்றும் இல்லை. எதை எதோடு சேர்க்கிறோம், எவ்வளவு நேரம் ஊறவைத்தோம், எந்த அளவில் நறுக்கினோம், எவ்வளவு தண்ணீர் விட்டோம் என்பதெல்லாம் மூடுவதற்கு முன்பே முடிந்துபோன கணக்கு. சொதப்பல்களில் பெரும்பாலானவை இந்தக் கணக்கில்தான் நடக்கின்றன.

முதல் தவறு ஜோடிப் பொருத்தம். துவரம்பருப்பும் பொன்னிப் புழுங்கல் அரிசியும் நல்ல ஜோடி. பருப்பை மட்டும் அரை மணி நேரம் ஊறவைத்துவிட்டால் இரண்டும் ஒன்றாகவே வெந்து நிற்கும். பாசிப்பருப்பு என்றால் ஊறவைக்கவே வேண்டாம், ஊறினால் கூழாகிவிடும். கொண்டைக்கடலையைச் சோற்றோடு வைப்பதுதான் வம்பு. ராத்திரி முழுக்க ஊறிய கடலைக்குக்கூட பிரஷர் வந்த பிறகு இருபது நிமிடம் போல வேண்டும். அத்தனை நேரம் உள்ளே இருக்கும் பச்சரிசி கஞ்சியாகத்தான் வெளியே வரும். கடலையைத் தனியாக வைத்துவிடுங்கள். உருளைக்கிழங்கு பெரிதாக இருந்தால் இரண்டாக வெட்டிப் போட்டால் சோற்றின் நேரத்துக்கு வந்துவிடும். கீரையையும் வெண்டைக்காயையும் இந்தக் கூட்டத்தில் சேர்க்கவே வேண்டாம்.

அடுத்து விசில். நம் வீடுகளில் எல்லாச் சமையல் குறிப்பும் விசிலில்தான் இருக்கிறது. “அரிசிக்கு மூணு, பருப்புக்கு நாலு” என்பார்கள். ஆனால் விசில் நேரத்தைக் காட்டும் அளவு கிடையாது. உள்ளே அழுத்தம் வெயிட்டைத் தூக்கும் அளவுக்கு ஏறிவிட்டது என்று மட்டும்தான் அது சொல்கிறது. தீயைப் பெரிதாக வைத்தால் மூன்று விசிலும் இரண்டே நிமிடத்தில் அடுத்தடுத்து வந்துவிடும்; சிம்மில் வைத்தால் ஒரு விசிலுக்கே ஐந்தாறு நிமிடம் பிடிக்கும். பெரிய பர்னரில் வைத்த நாளும் சின்ன பர்னரில் வைத்த நாளும் ஒரே கணக்கில் எப்படி வரும்? எங்கள் வீட்டில் இதற்காகவே ஒரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது. சமையலறையிலிருந்து “எத்தனை விசில் வந்துச்சு?” என்று கேட்டால், கூடத்தில் இருப்பவர் “ரெண்டோ மூணோ” என்பார். இப்போது முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து, கடிகாரத்தில் பத்து நிமிடம் பார்த்து அணைக்கிறேன். ஊறிய துவரம்பருப்புக்கும் சோற்றுக்கும் சேர்த்து அது போதும். சிம்மில் வைத்தபின் விசில் வந்தாலும் வராவிட்டாலும் கவலை இல்லை, வெயிட் ஓரத்தில் லேசாக உஸ்ஸென்று ஆவி வந்துகொண்டிருந்தால் சரி.

அந்த முதல் விசிலிலேயே ஏமாறவும் வழி உண்டு. மூடியைப் போட்டவுடனே வெயிட்டையும் போட்டுவிடுகிறோம் இல்லையா? அப்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்கிறது. வெயிட்டைத் தூக்குவது அழுத்தம்; அந்த அழுத்தத்தில் பாதியைக் காற்றே கொடுத்துவிட்டால், விசில் வரும், சூடு மட்டும் 120-க்கு வந்திருக்காது. முதல் ஒன்றிரண்டு விசில் அந்தக் காற்றை வெளியே தள்ளுவதிலேயே போய்விடும். மூடி மேல் துவாரத்தில் ஆவி நேராக, விடாமல் புகைக்கும் வரை காத்திருந்து வெயிட் போட்டால் இந்தக் குளறுபடி இருக்காது. பாட்டிமார்கள் சொன்னதும் இதுதான். காரணம் சொல்லாததால் நாம் கேட்கவில்லை.

தண்ணீரில் மூன்று விதமாகத் தப்பு நடக்கும். குக்கரின் அடியில் விடும் தண்ணீர், பருப்புப் பாத்திரத் தண்ணீர், அரிசிப் பாத்திரத் தண்ணீர் என்று மூன்றும் தனித்தனி.

அடித் தண்ணீர் குறைந்தால் பாதியிலேயே வற்றி, விசில் நின்றுபோய், சுட்ட இரும்பு வாசனை வரும். சேப்டி வால்வு உருகுவது பெரும்பாலும் இப்படித்தான். அதிகமானால் வேறு தொல்லை: கீழ்ப் பாத்திரம் மிதந்து சாய்கிறது, கொதிக்கும்போது தண்ணீர் உள்ளே ஏறுகிறது, நாம் அளந்து விட்ட கணக்கு பாழ். அடித்தட்டைப் போட்டு, ஐந்து லிட்டர் குக்கருக்கு ஒன்றரை முதல் இரண்டு டம்ளர் விட்டால் போதும். கொதிக்கும்போது பாத்திரம் தட்டில் தடதடவென்று மெல்ல ஆடும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் இருக்கும் வரை அடியில் தண்ணீர் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கலாம்.

உள் பாத்திரங்களில் ஆவியாகி வீணாவது அநேகமாக இல்லை. அதனால் உலையில் வடிக்கும்போது விடும் அளவை இங்கே கொண்டு வரக் கூடாது. பழைய பச்சரிசிக்கு ஒன்றுக்கு இரண்டரை, புழுங்கலுக்கு மூன்று, பருப்புக்கு இரண்டரை முதல் மூன்று. புது அரிசி என்றால் அரை டம்ளர் குறைத்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். அரிசி வெந்தால் மூன்று மடங்காக உப்பும், பருப்பு நுரைத்துக்கொண்டு எழும்பும். இடம் இல்லாவிட்டால் இரண்டும் பக்கத்துப் பாத்திரத்துக்குக் குடிபோகும். சோற்றின் ஓரத்தில் அங்கங்கே மஞ்சள் திட்டு தெரிகிறதே, அது பருப்பு போய் வந்த வழி. பருப்பில் அரை ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டால் நுரை அடங்கும்.

எது மேலே, எது கீழே என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: பருப்பு கீழேதான். சூடு ஒன்றுதான் என்று முன்னால் சொன்னேன், ஆனால் கீழ்ப் பாத்திரத்தைக் கொதிநீர் நேராகத் தொடுவதால் அது கொஞ்சம் முந்திச் சூடேறும். அதைவிடப் பெரிய காரணம் நுரை. பருப்பு மேல் அடுக்கில் பொங்கினால் நுரை நேராகத் துவாரத்துக்குப் போகிறது, அடைப்பு வந்தால் ஆபத்து. மேலே இருக்கும் சோற்றுப் பாத்திரத்தின் மேல் ஒரு சின்னத் தட்டை வைத்து மூடிவிடுங்கள். மூடியில் படியும் ஆவி தண்ணீராகச் சொட்டிச் சோற்றின் மேல்பகுதி சொதசொதவென்று ஆகாமல் இருக்கும்.

இனி ஒரு பழக்கம், பலருக்குக் கேட்கப் பிடிக்காது. பருப்போடு தக்காளியையும் போட்டுவிடுவது. நானும் போட்டவள்தான். புளிப்பு இருக்கும் தண்ணீரில் பருப்பு மெதுவாகத்தான் மசியும். புளித்தண்ணீர் என்றால் இன்னும் மோசம். போர் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தும் இதே வேலையைச் செய்யும். மாசக்கணக்கில் டப்பாவில் கிடந்த பருப்பும் சட்டென்று வேகாது. இந்த மூன்றும் ஒரே நாளில் சேர்ந்துவிட்டால் எத்தனை விசில் விட்டும் பிரயோஜனமில்லை. தக்காளியைச் சின்னக் கிண்ணத்தில் போட்டுச் சோற்றின் மேல் வைத்துவிட்டு, கடைசியில் மசித்துச் சேர்த்துக்கொள்ளலாம். பருப்புக்கு மட்டும் குடிக்கிற தண்ணீர் விடுங்கள்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். குக்கருக்குள்ளும் சமவெளியைவிட நாலைந்து டிகிரி குறைவு என்பதால், சிம்மில் வைக்கும் நேரத்தை மூன்று நான்கு நிமிடம் கூட்ட வேண்டும்.

இந்த அடுக்குச் சமையல் பிரஷர் குக்கரோடு வந்த யோசனையும் இல்லை. 1910 வாக்கில் வங்காளத்தில் இந்துமாதவ் மல்லிக் என்பவர் இக்மிக் குக்கர் என்று ஒன்றை உருவாக்கினார். டிபன் கேரியர் மாதிரி அடுக்கை உருளைக்குள் இறக்கி, அடியில் கரி போட்டு, ஆவியில் மெல்ல வேகவிடும் ஏற்பாடு. நம் பக்கத்தில் ருக்மணி குக்கர் என்று பித்தளையில் புழங்கியதும் அதே ஜாதிதான். கரி கனன்று தணியும் வரை மணிக்கணக்கில் மெதுவாக வெந்ததால் அங்கே ஐந்து நிமிடம் முன்னே பின்னே ஆனாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. பிரஷர் குக்கரில் அந்தத் தாராளம் கிடையாது. 120 டிகிரியில் ஐந்து நிமிடம் என்பது நிறைய.

அடுப்பை அணைத்த பிறகும் ஒரு தவறு பாக்கி இருக்கிறது. அவசரத்தில் கரண்டியால் வெயிட்டைத் தூக்கி ஆவியை விடுவது, அல்லது குழாயடியில் குக்கரைக் காட்டுவது. உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டி நிற்கிறது; அழுத்தம்தான் அதைக் கொதிக்கவிடாமல் அமுக்கி வைத்திருக்கிறது. அழுத்தத்தை ஒரே வீச்சில் எடுத்தால் அத்தனை தண்ணீரும் ஒரே நேரத்தில் குபீரென்று பொங்கும். பருப்பு மேலே எழும்பிச் சோற்றில் பாயும், வெயிட் ஓட்டை வழியாக மஞ்சள் தண்ணீர் சுவரில் தெறிக்கும். போன பொங்கலுக்கு அடித்த வெள்ளையில் அந்தப் புள்ளி இன்னும் எங்கள் சமையலறையில் இருக்கிறது. தானாக அடங்கும் அந்தப் பத்து நிமிடமும் வேகும் நேரம்தான். அதைக் கழித்தால் பருப்புக்குக் குறை விழும். அடங்கிய பிறகு சோற்றை உள்ளேயே விட்டு வைக்காமல் எடுத்து, ஓரத்தில் ஒரு கிளறு கிளறி வைத்துவிடுங்கள்.

அலுமினியக் குக்கர் உள்ளே கறுத்துப்போனால் அடித் தண்ணீரில் பிழிந்த எலுமிச்சை மூடி ஒன்றைப் போட்டால் சரியாகும். இதைச் சொல்லாமல் விட்டால் என் அத்தை கோபித்துக்கொள்வார்.

சரி, இவ்வளவும் பார்த்தும் ஒரு நாள் பருப்பு வேகவில்லை என்றால்? சோற்றை வெளியே எடுத்துவிடுங்கள். பருப்பிலும் குக்கரின் அடியிலும் விடும் தண்ணீர் கொதிதண்ணீராக இருக்கட்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் முதலிலிருந்து சூடேற வேண்டும். எல்லாமே சூடாக இருப்பதால் பிரஷர் சீக்கிரம் வந்துவிடும், பிறகு ஐந்து நிமிடம் சிம். அதற்குள் தாளிப்புக் கரண்டியில் கடுகு வெடித்திருக்கும். பிரஷர் அடங்கும் வரை வேன்காரர் நிற்க மாட்டார். இன்றைக்கு டப்பாவில் தயிர்சோறு கட்டிக் கொடுங்கள், சாம்பார் மத்தியானத்துக்கு ஆகும்.