கணிதத்திலும் பொருளியலிலும் எழுதியவரின் மேற்கோள் கணக்கு: எங்கே தப்புகிறது?

கணிதம், பொருளியல் இரண்டிலும் கட்டுரை எழுதிய ஒருவரின் விண்ணப்பத்தைத் தேர்வுக்குழு பிரித்தால் முதலில் கண்ணில் படுவது மொத்த மேற்கோள் எண்ணிக்கையும் (அவர் கட்டுரைகளை மற்ற கட்டுரைகள் எத்தனை முறை சுட்டின என்பது) அதிலிருந்து கணக்கிடும் எச்-இன்டெக்ஸ் என்ற அளவும்தான். அந்த இரண்டை மட்டும் வைத்து ஆளை எடை போட்டால் கணக்கு தப்பும். இதைப் புரிந்துகொள்ள, இரு துறையிலும் பெயர் பெற்ற கணிதவியலாளர் ஜான் நேஷின் கட்டுரைகளே போதும்.

பேரம் பற்றிய அவருடைய கட்டுரை 1950-ல் எகனோமெட்ரிகா என்ற பொருளியல் இதழில் வந்தது. கூட்டுறவில்லா ஆட்டங்கள் பற்றிய ஆட்டக் கோட்பாட்டுக் கட்டுரை 1951-ல் அனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ் என்ற கணித இதழில் வந்தது. ரீமான் வெளிகள் எனும் வளைந்த வெளிகளைச் சாதாரண யூக்ளிட் வெளிக்குள் பதிப்பது பற்றி 1956-ல் எழுதியதும் அதே அனல்ஸில்தான். கூட்டுறவில்லா ஆட்டங்கள் சார்ந்த வேலைக்கு 1994-ல் பொருளியல் நோபல் கிடைத்தது. வடிவியலும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் சார்ந்த வேலைக்கு 2015-ல் ஆபெல் பரிசு கிடைத்தது.

இப்படிப்பட்டவரை ஒரே தரவுத்தளத்தில் தேடுவதுதான் முதல் தவறு. மேத்சைநெட் கணித இலக்கியத்துக்கானது. தான் தேர்ந்தெடுத்த இதழ்களின் மேற்கோள் பட்டியலிலிருந்து மட்டுமே அது எண்ணும். கூட்டுறவில்லா ஆட்டங்களில் யாரும் தனியாகத் தன் முடிவை மாற்றிப் பயன் பெற முடியாத நிலையான நேஷ் சமநிலையைப் பயன்படுத்தும் பொருளியல் கட்டுரைகளில் பெரும்பகுதி அதன் கணக்கில் வராது. ரீபெக் பொருளியலுக்கானது, ரீமான் வடிவியலை அங்கே தேடிப் பயனில்லை. கூகுள் ஸ்காலர் இரண்டையும் அள்ளிக்கொண்டு வரும், ஆனால் ஆய்வேடு, வரைவு, வகுப்புக் குறிப்பு எல்லாவற்றையும் சேர்த்தே அள்ளும். ஆகவே எந்த எண்ணை எழுதினாலும் அது எந்தத் தளத்தில், எந்தத் தேதியில் எடுத்தது என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும்.

அடுத்தது எச்-இன்டெக்ஸ். 2005-ல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் முன்வைத்த அளவு இது. ஒருவரின் எச் 5 என்றால், குறைந்தது 5 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் 5 உண்டு, ஆனால் குறைந்தது 6 மேற்கோள் பெற்றவை 6 இல்லை என்று பொருள். கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கையின் இறங்குவரிசையில் அடுக்குங்கள்: 40, 22, 15, 9, 6, 5, 3. ஐந்தாவது கட்டுரைக்கு 6 மேற்கோள், அதாவது ஐந்துக்குக் குறையவில்லை. ஆறாவதற்கு 5தான். எனவே எச் 5. முதல் கட்டுரைக்கு 40-க்குப் பதில் 40,000 மேற்கோள் இருந்தாலும் விடை அதே 5தான். கட்டுரை எண்ணிக்கையைத் தாண்டி எச் ஏறவே முடியாது. குறைவாக எழுதி ஆழமாக எழுதுகிறவர்களுக்கு இந்த அளவு அநியாயம் செய்கிறது. கணிதத்தில் அப்படிப்பட்டவர்கள் நிறைய.

பெரிய தவறு, இரண்டு துறை எண்களையும் அப்படியே கூட்டுவது. கணிதக் கட்டுரையின் மேற்கோள் பட்டியல் பொதுவாகச் சிறியது, மேற்கோள்கள் மெதுவாகத்தான் சேரும். செய்ய வேண்டியது இது: ஒவ்வொரு கட்டுரையையும் அதே துறையில், அதே ஆண்டில் வந்த கட்டுரைகளின் சராசரியால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 12 மேற்கோள் பெற்ற கணிதக் கட்டுரைக்குத் துறைச் சராசரி 6 என்றால் விகிதம் 2. 30 மேற்கோள் பெற்ற பொருளியல் கட்டுரைக்குச் சராசரி 40 என்றால் விகிதம் 0.75. மேலோட்டமாகப் பார்த்தால் 30 பெரிதாகத் தெரிகிறது. உண்மையில் முந்தி நிற்பது 12. ஆட்டக் கோட்பாடு போல இரு துறைக்கும் பொதுவான கட்டுரையை எந்தத் துறையில் வைப்பது என்பதை முதலிலேயே முடிவுசெய்து எழுதி வையுங்கள். விடையைப் பார்த்த பிறகு மாற்றக் கூடாது.

கணிதத்தில் எண்கள் சிறியவை என்பதால் நாலைந்து பேர் ஒருவரையொருவர் மேற்கோள் காட்டினாலே தரவரிசை குலைந்துவிடும். இதனால்தான் 2023-ல் மேற்கோள் தரவு வெளியிடும் கிளாரிவேட் நிறுவனம் அதிக மேற்கோள் பெற்றோர் பட்டியலிலிருந்து கணிதப் பிரிவையே விலக்கியது. இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை, அதாவது இதழின் கட்டுரைகள் பெறும் சராசரி மேற்கோளை, ஆய்வாளர் தலையில் ஏற்றுவதும் தவறு. அது முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளை மட்டுமே பார்க்கிறது. பல கணிதக் கட்டுரைகளுக்கு அதற்குள் வாசகர்களே சேர்ந்திருக்க மாட்டார்கள்.

பொருளியலில் கட்டுரை முதலில் பணித்தாளாக (இதழில் வருமுன் பகிரும் வரைவாக) வரும், இதழில் வெளியாகச் சில ஆண்டுகள் ஆகும். இரண்டும் தனித்தனிப் பதிவாக நின்றால் மேற்கோள்கள் பிரிந்து எச் குறையலாம். சில சமயம் ஒரே வேலை இரண்டு கட்டுரையாக எண்ணப்பட்டுக் கூடவும் செய்யும். கூகுள் ஸ்காலர் பக்கத்தில் இரண்டையும் டிக் செய்து இணைத்துவிடலாம். தலைப்பை மட்டும் பார்த்து இணைக்காதீர்கள். நேஷின் 1950 பிரின்ஸ்டன் ஆய்வேட்டுக்கும் 1951 அனல்ஸ் கட்டுரைக்கும் ஒரே தலைப்புதான். எதை ஒரே வேலையாகக் கொள்வது என்று திறந்து பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

ஆசிரியர் பெயர் வரிசையிலும் தேர்வுக்குழுவினர் ஏமாறுவார்கள். இரு துறைகளிலும் பெயர்களை அகர வரிசையில் போடுவதே பெருவழக்கம்; முதல் பெயருக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுத்தால் ஏ-யில் தொடங்கும் குடும்பப் பெயருக்குப் பரிசளித்ததாகிவிடும். தலைப்பெழுத்தோடு எழுதும் தமிழ்ப் பெயர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. எஸ். முருகன், முருகன் எஸ்., சுப்பையா முருகன் என மூன்று சுயவிவரங்களாக ஒரே ஆள் சிதறிக் கிடப்பார். ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்சிட் எண்ணை எடுத்து, பழைய கட்டுரைகளையும் அதில் சேர்த்து, ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் சிதறிய விவரங்களை ஒன்றாக்கக் கோரிக்கை அனுப்புங்கள். இதை விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் தொடங்கினால் போதாது. திருத்தம் ஏற நாளாகும்.